கதவுக்கேற்ற பசை

"அக்கா, அந்த வீட்டை எடுக்கலாமா, வேண்டாமா?"

ரெஜினா, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசையை வாளியில் கலக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு விலை சில வருஷமாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. குறிஞ்சி அவென்யூவில், முன்பெல்லாம் நின்று பார்க்கக்கூட வாட்ச்மேன் விடாத தெருவில், தவணை நின்றுபோன வீடுகளை வங்கி வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்த வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டுவது ரெஜினா. பன்னிரண்டு வருஷமாக அதுதான் வேலை.

மூன்று மாதமாக அவருக்கு வாளி தூக்குகிறவன் சோணைமுத்து, பி.காம். அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

எந்த வீடு தேறும், எது தேறாது என்று புரோக்கர்களே ரெஜினாவிடம் வந்து கேட்பார்கள். அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"பேங்க் ஏலத்துக்கு நாலு மணிக்குள்ள முன்பணம் கட்டணும்க்கா," என்றான் சோணைமுத்து. "பாதி விலைக்கு வருது. இப்ப விட்டா மறுபடி வருமா? வாங்குன பிறகு இன்னும் இறங்குனா? ஒரு வாரமா தூக்கமே இல்ல."

"வாளியைத் தூக்குங்க, பட்டதாரி."

தோள்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு தூக்கினான்.

பைக்குள் அம்மாவின் வீட்டுப் பத்திரம் இருந்தது. அதை அடகு வைத்துத்தான் முன்பணம். பணம் தருகிறவர் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

அம்மா இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்துக் கட்டிய வீடு. சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சூதானமாத்தானப்பா செய்யிற?"

ஆமாம் என்றான்.

முதல் வீடு.

"என்ன கதவு?"

"தேக்கு. பாலிஷ் போட்டது."

ரெஜினா துணியால் தூசியைத் துடைத்தார். பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கினார். ஒட்டினார். சோணைமுத்து போட்டோ எடுத்தான். வீட்டில் ஆள் இல்லை.

இரண்டாவது வீடு.

"என்ன கதவு?"

"இரும்பு கேட்டுக்கா."

"தண்ணி விடாத. ஓரத்துக்கு டேப் எடு."

மாடியில் ஒரு திரை விலகி மூடியது. உள்ளே நாய் குரைத்தது. யாரும் வரவில்லை.

"அக்கா, மணி ரெண்டாயிருச்சு."

"வாட்ச் நல்லாத்தான ஓடுது? அப்புறமென்ன?"

மூன்றாவது வீடு, அவன் எடுக்க நினைத்த வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. சோணைமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். வெள்ளை பெயிண்ட். போர்டிகோ. பூட்டின் மேல் வங்கியின் அரக்கு முத்திரை. காம்பவுண்டுக்கு வெளியே கொட்டிக் கிடந்த காகிதப்பூ.

ரெஜினா காலிங்பெல்லை அடித்தார். லுங்கியும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர் கதவைத் திறந்தார். வாளியைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தானாம்மா?"

"ஆமா சார்."

"பிள்ளையார் ஸ்டிக்கர் மேல மட்டும் ஒட்டிராதீங்க."

"ஒட்ட மாட்டேன் சார்." சோணைமுத்துவிடம் திரும்பினார். "என்ன கதவு?"

"தேக்குதான்க்கா." குனிந்து பார்த்தான். "ஆனா நடுவுல ஏதோ பழைய தடம் இருக்கு. சுரண்டி எடுத்த மாதிரி."

"அது இவங்க ஒட்டுனதுதான் தம்பி," என்றார் அந்த மனிதர். "எனக்கு முன்னாடி இருந்தவருக்கு. அந்த நோட்டீசைப் பார்த்துத்தான் நான் இந்தத் தெருவுக்கே வந்தேன். மூணு வருஷம் ஆச்சு. பாதி விலை."

சிரித்தார்.

"இதுக்குக் கீழ இறங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

சோணைமுத்துவின் கையில், பசை தடவும் மட்டை சொட்டியது.

"முன்பணம்... எப்படி சார் கட்டுனீங்க?"

"திருமங்கலத்துல எங்கப்பா வீடு இருந்துச்சு."

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ரெஜினா வாங்கிக் குடித்துவிட்டு, கதவைத் துடைத்து, பழைய தடத்தின் மேலேயே ஒட்டினார். பிள்ளையார் மேலே தப்பினார்.

"நேரா இருக்காம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"நேராத்தான் இருக்கு சார்."

தெருமுனையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். மணி இரண்டே முக்கால்.

"அவருக்கு நேரம் சரியில்லக்கா," என்றான் சோணைமுத்து. "நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். மீதிக்கு லோன் தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஆறே மாசத்துல வித்துருவேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லுங்கக்கா. கெஞ்சிக் கேக்குறேன். எடுக்கலாமா, வேண்டாமா?"

ரெஜினா வாளிக்குள் பார்த்தார். அடியில் கொஞ்சம் பசை மிச்சம் இருந்தது. மட்டையை வாங்கி ஒரு சுற்றுக் கலக்கினார்.

"உங்க வீட்டுக்கு என்ன கதவு?"

சோணைமுத்துவின் கை, பத்திரம் இருந்த பையின் ஜிப்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

"தகரம்," என்றான் கடைசியில்.

"தகரத்துல இந்தப் பசை நிக்காது," என்றார் ரெஜினா. "கெட்டியாக் காய்ச்சணும்."