பாறை கொடுத்த பல்

மலையும் பாறையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், தலைப்பிரட்டைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி வாய்தான். உள்ளே பல்லும் கிடையாது, மேடும் கிடையாது. பை மாதிரி வழவழவென்று இருக்கும்.

ஓடைக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு நாவல் மரத்தில் கொம்பி என்ற மரத்தவளை இருந்தாள். கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிட்டாள். குஞ்சு பொரிக்கிற நேரம் பார்த்து ஒரு சூறைக்காற்று வந்து கூட்டை இரண்டாகப் பிய்த்துப் போட்டது. பாதிப் பிள்ளைகள் மரப்பொந்தில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தன. மீதி ஓடையில் விழுந்தன.

பொந்துப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. கொம்பி அடிக்கடி உள்ளே இறங்கி, குஞ்சு பொரிக்காத முட்டைகளை இட்டு அவற்றுக்கு ஊட்டினாள். ஓடையில் அது நடக்கவில்லை. கிளையிலிருந்து இட்ட முட்டையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஓடை நடுவே இருந்த பாறை நிறையப் பாசி இருந்தும், பிள்ளைகள் வாய் வைத்தால் வழுக்கியது. பட்டினியில் வாலும் தலையுமாக இளைத்துப் போயின.

கொம்பி கீழ்க்கிளைக்கு வந்து பாறையைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, உன் முதுகுப் பாசியை என் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொடேன்.”

“கொஞ்சமா? மொத்தத்தையும் சுரண்டிக்கொள்ளச் சொல், தங்கச்சி! அரிப்புத் தாங்கவில்லை. சொறிந்துகொள்ள எனக்குக் கையா இருக்கிறது?”

“சுரண்டப் பல் இல்லையே, அண்ணே!”

பாறை யோசித்தது. “என்மேல் வாயை அழுத்திப் பிடிக்கச் சொல். என் பொடிமணலைத் தருகிறேன். அது பல்லாக ஒட்டும்வரை வாயை எடுக்கக் கூடாது.”

பிள்ளைகள் பாறையைக் கவ்வின. கவ்விய கொஞ்ச நேரத்தில் மேல்மலையில் மழை கொட்டி, செந்நிற வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. கீழே அருவி. வாய் நழுவினால் அவ்வளவுதான்.

ஓடும் தண்ணீரில் கால் வைத்தே அறியாத கொம்பி, கிளையிலிருந்து குதித்துவிட்டாள். விரல் நுனிகளைப் பாறையில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள்மேல் குடையாகக் கவிந்தாள்.

“வாயை எடுக்காதீங்கடா! அம்மா இருக்கேன்!”

வெள்ளம் அவள் முதுகில் அடித்துப் புரண்டு போனது. ஒரு பிள்ளையும் நழுவவில்லை.

தண்ணீர் தெளிந்ததும் பிள்ளைகள் பாசியைச் சுரண்ட, பாறை கெக்கெக்கென்று சிரித்தது. “அங்கேதான்! இன்னும் கொஞ்சம் மேலே! அப்பாடா!”

“எங்கே, ஆ காட்டுங்க!” என்றாள் கொம்பி. உதட்டில் சீப்பு வைத்தாற்போல் பல்வரிசை. உள்ளே குட்டிக் குட்டி மேடுகள். பூரித்துப் போய்ப் பொந்துக்கு ஓடி, அங்கிருந்த பிள்ளைகளின் வாயையும் பார்த்தாள். பழையபடி வழவழப்புதான்.

“உங்களுக்கும் பல் கேட்கட்டுமா?”

“எதுக்கும்மா? முட்டை தானா வழுக்கிக்கிட்டு உள்ளே போகுதே!” என்று ஒரே குரலில் கத்தின பொந்துப் பிள்ளைகள். “நீ சீக்கிரம் அடுத்ததைப் போடு!”

ஓடையில் வளரும் மரத்தவளைக் குஞ்சின் வாயில் பல்வரிசை இருப்பதும், தாயின் முட்டை தின்று பொந்தில் வளரும் குஞ்சின் வாய் வழவழவென்று இருப்பதும் அந்த வெள்ளத்தன்று தொடங்கியதுதான்.