முதலையின் பல் வெளியே வந்த கதை

அந்தக் காலத்தில், வாய்க்குள் இருக்கும் எலும்புகூட வாய்திறந்து பேசியபோது, முதலைகளின் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கவ்விய மீன் நழுவாது, அதனால் யாரும் குறைப்பட்டதில்லை. சடைச்சி என்ற முதலைக்கு மட்டும் அந்தப் பற்களை நினைத்தாலே குலை நடுங்கியது. ஆற்று மணலில் அவள் முட்டையிட்டிருந்தாள். குஞ்சுகளை நடக்கவிட்டால் பருந்து தூக்கிவிடும். வாயில் வைத்துத்தான் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தப் பல்லோடு கவ்வினால் பெற்றவளே பிள்ளைகளைக் கொன்றுவிடுவாள்.

கரையோரக் கருவேலத்தில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என் பல்லைக் கொஞ்சம் வெளிப்பக்கமா இழுத்துக் கட்டேன்."

"கட்டுறேன்க்கா. வாயை மட்டும் மூடிடாத. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

விறைப்பான கொடி ஒன்றைப் பற்களுக்கு வெளியே வளைத்து வைத்து, ஒவ்வொரு பல்லையும் நாரால் அதோடு பிணைத்தது குருவி. நார் தளரும்போதெல்லாம் வந்து லேசாக இறுக்கிவிட்டுப் போனது. சடைச்சி தண்ணீரில் முகம் பார்த்தாள். பல் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

பயம் அவளைப் பொறுக்கவிடவில்லை. ஒரு பல்லில் கட்டிய நாரை மரவேரில் மாட்டி வெடுக்கென்று இழுத்தாள். பல் வேரோடு வந்துவிட்டது. வலியில் மடுவே அதிர அலறினாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்றது தாடை எலும்பு. "வெடுக்குன்னு இழுத்தா பல்லை விட்டுடுவேன், எனக்கு வேற வழியில்லை. மெதுவா நெருக்கினா, முன்னால கரைஞ்சு வழிவிடுவேன், பின்னால வளர்ந்து குழியை அடைப்பேன். கரையவும் வளரவும் நேரம் வேணாமா?"

"அதுக்குள்ள பிள்ளைங்க வந்துட்டா?"

"நானும் சும்மாவா இருக்கேன்? நீ தூங்கும்போதும் வேலை செய்யுறேன்."

குருவியும் வந்து திட்டியது. "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?"

சடைச்சி அதன்பின் நாரைத் தொடவே இல்லை. அழுகை வந்தால் அழுதாள், ஆனால் காத்திருந்தாள்.

ஒரு காலையில் மணலுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்டது. தோண்டினாள். முதல் குஞ்சை நாக்கில் ஏந்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை மூடினாள். பற்கள் தாடைக்கு வெளியே போய் நின்றன. தண்ணீரில் வாயைத் திறந்ததும் குஞ்சு துள்ளி நீந்தியது. அவள் அடுத்ததை எடுக்கக் கரைக்கு ஓடினாள்.

அன்று முதல்தான் முதலை வாயை மூடினாலும் அதன் பல் வெளியே தெரிகிறது. அந்த எலும்பு சொன்ன சொல்லை மற்ற வாய்களின் எலும்புகளும் காப்பாற்றுவதால்தான், கம்பி கட்டிய நம் பிள்ளைகளின் பல்லும், தெரியாமல் தெரியாமல் நகர்ந்து, ஒருநாள் நேராக நிற்கிறது.