கடைசி சர்வீஸ்

கொல்லிமலை மேல் ஒரு சின்னத் தியானக் குடில் இருந்தது. அதை நடத்திய பூங்கோதைக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த பெரியண்ணனுக்கு நாற்பத்தாறு. குரு சீடனை 'அண்ணா' என்பார், சீடன் குருவை 'அம்மா' என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பெரியண்ணன் மலையில் வாடகைக் கார் ஓட்டினார். கார் அவருடையது அல்ல. ஒரு கம்பெனியிடம் ஒரு வருட லீசுக்கு எடுத்தது. கைக்கு வரும்போதே ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. இப்போது இரண்டு லட்சத்தைத் தொட நானூறு கிலோமீட்டர்தான் பாக்கி.

அந்த வண்டியை அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாமல் சர்வீஸுக்கு விட்டார். "என்னை ஒரு நாளாச்சும் இப்படிக் கவனிச்சிருக்கீங்களா?" என்று அவர் மனைவி கௌசல்யா கேட்பாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த மகளுக்கு அடுத்தபடியாக அவர் கொஞ்சியது அந்தக் காரைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியண்ணன் ஒரு சந்தேகத்தோடு வந்தார். வழக்கமாக மனசைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் கேட்பவர், அன்றைக்குக் காரைப் பற்றிக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை லீசு முடியுதுங்கம்மா. வண்டிய ஒப்படைக்கணும்."

"சரிங்கண்ணா."

"ரெண்டு லட்சம் சர்வீஸ் வந்திருச்சுங்க. மலை இறங்கறப்ப பிரேக்கு கீச்சு கீச்சுனு கத்துது. நாளைக்கே நாமக்கல்ல விட்டாலும், வியாழக்கிழமை பூராவும் வண்டி அங்கேயேதான் நிக்கும்."

"வியாழக்கிழமை நம்ம பாப்பாவுக்குக் காதுகுத்தாச்சே?"

"அதாங்கம்மா சங்கடம்."

மனசுக்குள் அவர் ஏற்கெனவே அந்தக் காருக்கு மாலை போட்டுவிட்டார். முன்சீட்டில் மாமன், பின்சீட்டில் கௌசல்யா, அவள் மடியில் பட்டுப்பாவாடையோடு மகள். இத்தனையும் அந்தக் காரில்தான் நடந்தாக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"அவ பொறக்கப் போனது இந்த வண்டிலதானுங்க. காது குத்தவும் இதுலயே போகணும். கோயில் மலைமேலயே இருக்கு, பெரிசா இறக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை மெதுவாக் கீழ எறக்கிக் குடுத்துடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எவன் ஓட்டறானோ, அவன் பாடு. யாருன்னே தெரியாத ஆளுக்கு நான் எதுக்குங்கம்மா செய்யணும்?"

கேட்டுவிட்டாரே தவிர, அவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்.

பூங்கோதை கோபப்படவில்லை.

"அன்னைக்கு நாம இறங்கினது ஞாபகம் இருக்குங்களா அண்ணா?"

மறக்கக்கூடியதா அது? வண்டி கைக்கு வந்து மூன்றாவது நாள். கௌசல்யாவுக்குச் சொன்ன தேதிக்கு ரெண்டு வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. பின்சீட்டில் பூங்கோதையின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதி மலை இறங்கியிருப்பார்கள், ஒரு வளைவில் பலாப்பழ லாரி ஒன்று திடீரென்று எதிரே வந்து நின்றது. இடது பக்கம் பள்ளம். பெரியண்ணன் பிரேக்கை மிதித்த வேகத்தில் செருப்பு அறுந்தது. லாரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அன்று மத்தியானம் மகள் பிறந்தாள்.

"ராசியான வண்டிங்கம்மா," என்றார் பெரியண்ணன். "அதனாலதான் வெள்ளிக்கிழமை தவறாம எலுமிச்சம்பழம் கட்டறேன்."

"வண்டில சர்வீஸ் புக்கு இருக்குமில்லீங்களா? கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

டேஷ்போர்டில் விபூதிப் பொட்டலங்களுக்கு அடியில் கிடந்ததை எடுத்து வந்தார். அவர் செய்த சர்வீஸ்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதைக் காட்டும்போது, இந்த நிலைமையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"உங்க முதல் சர்வீஸுக்கு முந்தின பக்கத்தைப் படிங்க."

அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதே இல்லை. கண்ணாடி கொண்டு வரவில்லை. புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"ஒரு லட்சத்து முப்பதாயிரம் சர்வீஸ். ஆயில் மாத்தியிருக்கு. நாலு வீலுக்கும் பிரேக்கு புதுசு."

"தேதி?"

"மார்ச் மூணு."

"நீங்க வண்டி எடுத்தது?"

"மார்ச்..." அவர் நிறுத்தினார். "நாலுங்கம்மா."

அந்தப் பக்கத்தின் அடியில், அவருக்கு முன்னால் வண்டியை லீசுக்கு எடுத்து ஓட்டியவரின் கையெழுத்து இருந்தது. பெரியண்ணன் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். வெறும் கிறுக்கல். கண்ணில் தண்ணீர் நிறைந்த பிறகு அந்தக் கிறுக்கலும் தெரியவில்லை.

"பேரு படிக்க முடியலீங்களே."

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"விடிஞ்சா ஒப்படைக்கற வண்டி. யாருன்னே தெரியாத எனக்கு, அந்த ஆளு எதுக்குங்கம்மா இதைச் செஞ்சாரு?"

பூங்கோதை புத்தகத்தை வாங்கி மூடி, திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"வியாழக்கிழமை ஏழரை பஸ்ஸுல நான் இடம் பிடிச்சு வெக்கறேங்கண்ணா. பாப்பா என் மடில உக்காந்துக்கட்டும்."