கரடியின் காரும் ஆட்காட்டியின் முட்டைகளும்

அல்லிக் குளத்தருகே சடையன் என்றொரு கரடி இருந்தது. அது தேன் விற்று ஒரு நீலக் கார் வாங்கியது. முன்பக்கம் நீண்ட கார். அன்று முதல் கரடிக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டுவதை ஒருவாறு ஓட்டிவிடும். நிறுத்தும்போதுதான் வம்பு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் பானெட்டில் பாதிதான் அதன் கண்ணுக்குத் தெரியும். அதற்கப்பால் கார் எங்கே முடிகிறது என்று தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது! தன் மூக்கு முடியும் இடத்திலேயே காரும் முடிந்துவிடுவதாக அது நினைத்துக்கொண்டிருந்தது.

முதல் நாளே ஒரு கறையான் புற்றை இடித்தது. "புற்று கட்ட வேறு இடமா கிடைக்கவில்லை?" என்று கறையான்களைத் திட்டியது. மறுநாள் முள்ளம்பன்றியின் வளை வாசலில் சக்கரத்தை ஏற்றி அடைத்துவிட்டது. பாவம், முள்ளம்பன்றி வேறு வழி தோண்டிக்கொண்டு வெளியே வந்தது.

கரடிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நரி உட்கார்ந்திருக்கும். நடக்கச் சோம்பல்பட்ட நரி. ஓசியில் காடு சுற்றியது. அதற்காக வாய் ஓயாமல் புகழ்ந்தது.

ஒரு நாள் உச்சிவெயிலில் கார் குளக்கரைக்கு வந்தது. அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கார் உருண்டு உருண்டு நேராக அங்கேயே வந்தது.

குருவி பதறிப் பறந்து வந்து பானெட்டில் உட்கார்ந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! முன்னால என் முட்டைங்க இருக்கு!"

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!" என்றது கரடி.

"உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரியும்? ஒரு தடவை இறங்கிப் பாருங்கண்ணே!"

"நானா? இறங்கிப் பார்ப்பதெல்லாம் ஓட்டத் தெரியாதவன் வேலை!"

"சரியாகச் சொன்னீர்கள்! இன்னும் ஒரு முழம் தாராளமாகப் போகலாம்!" என்றது நரி. அதுவும் இருக்கையை விட்டு எழுந்து பார்க்கவில்லை.

கார் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. முட்டைகளுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. குருவி சிறகை விரித்துக் கண்ணாடியில் மோதியது. கரடி வைப்பரைப் போட்டு அதைத் தள்ளிவிட்டது!

கெஞ்சிப் பயனில்லை என்று குருவிக்குப் புரிந்தது. அது கரடியின் ஜன்னல் பக்கம் வந்தது.

"அண்ணே, இங்கே வெயில் கொளுத்துது. புதுக் கார் நிறம் மங்கிடும். அந்த நாவல் மரத்தடியில நல்ல நிழல் இருக்கு. ஆனா அங்கே கரை சட்டுனு முடிஞ்சு தண்ணி வந்துடும். இறங்கிப் பார்த்துட்டு நிறுத்துங்க!"

நிறம் மங்கிவிடும் என்ற சொல் மட்டும் கரடியின் காதில் ஏறியது. உடனே காரைப் பின்னால் எடுத்து நாவல் மரத்தடிக்குத் திருப்பியது. முட்டைகள் தப்பின.

"போதும் அண்ணே, போதும்! அங்கேயே நிறுத்துங்க!" என்று மரத்தடியில் குருவி கத்தியது.

"இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது!" என்றது கரடி.

"கடலளவு இருக்கிறது!" என்றது நரி.

தொப்! காரின் முன்பாதி குளத்துக்குள் இறங்கியது. பின் சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றின. சத்தம் கேட்டு முயல்களும் மான்களும் ஓடி வந்தன. கரடி ஜன்னல் வழியாகப் பிதுங்கி வெளியே விழுந்தது. உடம்பெல்லாம் சேறு, காதில் அல்லித்தண்டு.

"என்ன ஆயிற்று?" என்றது அது.

நரி கரையேறி வாலைப் பிழிந்துகொண்டே சொன்னது: "முன்பக்கம்தான் கொஞ்சம் நனைந்துவிட்டது. பின்பக்கத்தை எவ்வளவு அழகாக நிறுத்தியிருக்கிறீர்கள்!"

கரடி திரும்பிப் பார்த்தது. மார்பை நிமிர்த்தி, "அதுதானே என் கைத்திறன்!" என்றது.

கூடியிருந்த விலங்குகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டன. குருவி சிரிக்கவில்லை. அது தன் முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது.

கண்ணுக்குத் தெரியாததை இறங்கிப் பார்க்க வெட்கப்படுகிறவன், கடைசியில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்படி விழுவான்.