விசாலத்துக்கு அளவு வெட்டிய அரசன்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லும்படியாக ஒன்றும் செய்யாத ஓர் அரசன் இருந்தான். தன் யானைகள் நெருக்கியடித்து நிற்பதை அவனால் பார்க்கப் பொறுக்கவில்லை. மனிதர்கள் நெருக்கியடித்து வாழ்வது அவன் கண்ணில் பட்டதே இல்லை.

கோட்டைக்கு மேற்கே நீளமாக ஒரு தெரு. அங்கே கயிறு திரிக்கும் முப்பது குடும்பங்கள் இருந்தன. ஒருவர் தெருவின் ஒரு முனையில் ராட்டை சுற்ற, இன்னொருவர் மடியிலிருந்து நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார். நடக்க எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் கயிறு. அந்தத் தெருவை அரசன் யானைக் கொட்டிலுக்குக் கேட்டான். “பதிலுக்கு விசாலமான இடம் தரப்படும்” என்று பறை அறைந்தார்கள். நம்பிப் போனவர்களுக்குக் கல்லுமேட்டில் ஆளுக்கொரு குடிசை அளவு நிலம் கிடைத்தது. குடிசைக்கு வெளியே பாறை. ராட்டைகள் மூலையில் கிடந்தன, அடுப்பும் எரியவில்லை.

சபையில் இதைச் சொல்லும் தைரியம் விகடன் பூவராகனுக்கு மட்டுமே இருந்தது. சொன்னான். அமைச்சர் மங்களேசுரருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

“அரசே, விசாலம் என்பதற்கு அளவு இல்லாததால்தான் இந்தக் கூச்சல். ஒருவன் கால் நீட்டிப் படுத்து, இருபுறமும் ஒருமுறை புரண்டால் எதிலும் இடிக்கக் கூடாது. அதுவே விசாலம் என்று செப்பேட்டில் வெட்டிவிடுவோம். அரசாணைகளில் இந்தச் சொல் எங்கு வந்தாலும் அதே அளவு. நிறைவேற்றும் பொறுப்பைப் பூவராகனுக்கே கொடுங்கள். மீறினால் அவன் தலை போகட்டும்” என்றார்.

கயிறு திரிப்பவர்கள் இனி அவனைத்தான் சபிப்பார்கள் என்பது அவர் கணக்கு. அரசன் தலையாட்டினான். பூவராகன் செப்பேட்டை வாங்கிக்கொண்டான்.

மறுவாரமே ஆணை வந்தது: எட்டு யானைகளுக்கு விசாலமான கொட்டில் எழுப்புக.

கட்டி முடிந்த அன்று மேளதாளத்தோடு அரசன் வந்தான். தெரு இருந்த இடத்தில் இப்போது பரந்த வெளி; அதன் ஓரத்தில் வரிசையாக எட்டு அறைகள். முதல் யானை தலையை உள்ளே விடப் பார்த்து, முடியாமல், தும்பிக்கையை மட்டும் விட்டுத் துழாவியது.

“என்ன இது? கோழிக்கூடா?” என்றான் அரசன்.

“விசாலமான கொட்டில், அரசே. செப்பேட்டு அளவில் ஒரு விரல்கூடக் குறையவில்லை. சந்தேகமிருந்தால் அளவு சொன்னவரே புரண்டு காட்டட்டும்.”

அரசன் கண்ணசைத்தான். மங்களேசுரர் பட்டுத் துண்டோடு உள்ளே படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டார். எதிலும் இடிக்கவில்லை. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மூடனே, யானை புரளவா போகிறது? நிற்க வேண்டாமா?”

“யானைக்கு நிற்க வேண்டும், அரசே. கயிறு திரிப்பவளுக்கு நடக்க வேண்டும். அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காமல் ஓர் இடத்தை விசாலம் என்று எப்படிச் சொல்வது?”

“செப்பேட்டை உருக்கிவிடுங்கள். பூவராகா, என்ன வேண்டுமோ கேள்.”

“இந்தத் தெருவை அவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. “யானைகள் எங்கே போகும்? வேறு கேள்.”

அரசனின் சிரிப்பு எவ்வளவுதான் வாங்கித் தரும் என்று பூவராகனுக்கு இத்தனை வருடத்தில் தெரிந்திருந்தது. அது தெரிந்திருப்பதே அவனுக்குக் கசந்தது. ஆனாலும் கேட்டான்.

“அப்படியானால் கோட்டைச் சுவரோரமாக எனக்கு மூன்று முழ அகலத்தில் ஒரு துண்டு நிலம். நீளம் மட்டும் தெருவின் முழு நீளம்.”

“மூன்று முழ அகலத்தில் வீடு கட்டப் போகிறாயா?” அரசன் மறுபடியும் சிரித்தான். கூடவே நூறு பொன்னும் கொடுத்தான். மங்களேசுரர்கூடத் தூசியைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

அந்தத் துண்டைப் பூவராகன் கயிறு திரிப்பவர்களுக்கு எழுதிக் கொடுத்தான். மறுநாள் காலை கல்லுமேட்டிலிருந்து இரண்டு நாழிகை நடந்து, ராட்டையைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முதலில் மடியில் நாரைக் கட்டியவள் வெள்ளச்சி. தன் வீடு இருந்த இடத்தில் ஒரு யானை தழை தின்றுகொண்டிருந்ததை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

பூவராகன் கிட்டே போய், “இடம் போதுமா, தாயி?” என்று கேட்டான்.

“நடக்கப் போதும் சாமி. நீங்க நல்லாருக்கணும்” என்றாள் அவள். “பொழுது சாஞ்சா புள்ளைங்களோட படுக்கத்தான் எடம் இல்ல.”

அந்த மூன்று முழ அகலத்தை விட்டுப் பூவராகன் விலகி நின்றான். அவள் பின்னோக்கி நடக்கத் தொடங்கினாள்.