மன்னர் கழுவிய பாதம்

ரெஜினால்ட் மன்னர் தன் நாட்டின் வடபகுதியில் எழுந்த கலகத்தை அடக்கிய வீரத்தை அரண்மனைப் பாடகர்கள் ஆண்டுதோறும் பாடினார்கள். எந்தப் பாட்டிலும் எரிந்த களஞ்சியங்கள் வரவில்லை. கலகக்காரர்கள் தன் கையில் சிக்காத ஆத்திரத்தில், பனிக்காலம் தொடங்கும் நேரத்தில், ஊர் ஊராக வீட்டையும் தானியத்தையும் கொளுத்தச் சொன்னவர் அவர்தான். பட்டினியில் செத்தவர்களில் வாள் பிடித்தவர்கள் எத்தனை பேர்? மன்னருக்கே தெரியாது. விசாரிக்க வெட்கம்.

வயது ஏற ஏற அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பாட்டு தொடங்கினாலே தலை கவிழ்ந்துவிடும். சபையில் இருந்தவர்கள் அதைப் பணிவு என்று மெச்சிக்கொண்டார்கள். மன்னர் என்றால் குனிந்தாலும் பெருமைதான்!

கடைசியில் அவர் மில்ட்ரெட்டைத் தேடிப் போனார். மில்ட்ரெட் ஒரு துறவி. தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் போய், வாசலைக் கல் வைத்து அடைக்கச் சொன்னவர். உலகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு ஒரு சின்ன ஜன்னல்தான். வயதில் மன்னருக்கு மகள் போல. ஆனாலும் மன்னர் ஜன்னலுக்கு வெளியே ஈரத் தரையில் மண்டியிட்டார்.

"தாயே, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய பெரிய வியாழனன்று, ஆண்டுதோறும் நானும் ஏழைகளின் பாதங்களைக் கழுவுகிறேன். இருந்தும் இந்த வெட்கம் போகவில்லையே."

"அந்தப் பாதங்களில் அழுக்கு இருக்குமா, அரசே?"

மன்னர் விழித்தார். "இருக்காது. வேலையாட்கள் முன்கூட்டியே வெந்நீரில் தேய்த்துக் கழுவி, பன்னீர் தெளித்துத்தான் உட்கார வைப்பார்கள்."

"அப்படியானால் நீங்கள் எதைக் கழுவினீர்கள்?"

மன்னருக்குக் காது மடல் வரை சுட்டது. கழுவின காலையே கழுவிவிட்டு, ஊர் பார்க்கக் கண்ணீர் வேறு விட்டிருக்கிறார்.

அந்த ஆண்டு யாரும் முன்கூட்டிக் கழுவக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஏழைகளை வடக்கிலிருந்தே வரவழைக்கச் சொன்னார். அரண்மனை அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏற்பாடு செய்தார்.

பெரிய வியாழன் வந்தது. தேவாலயத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் எடித் என்றொரு விதவை. வழி நெடுக மிதித்த சேறு அவள் காலில் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. மன்னர் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கறுத்தது. சேறு போன பிறகுதான் பார்த்தார். வலது காலில் விரல்களே இல்லை.

"இது எப்படி ஆயிற்று, அம்மா?"

"பனியில விறைச்சுக் கருகி உதிர்ந்து போச்சு மகாராஜா. வீடு எரிஞ்ச அன்னிக்கு, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட ஓடினேன்."

"பிள்ளை?"

எடித் தன் வெறும் மடியைக் குனிந்து பார்த்தாள்.

மன்னர் உடைந்து போனார். அந்தக் காலைப் பிடித்தபடியே குனிந்து, விம்மி விம்மி அழுதார். "கொளுத்தச் சொன்னது நான்தான். என்னை மன்னித்துவிடு, அம்மா!"

பிஷப் பதறி எழுந்தார். பிரபுக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எடித் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன் மகாராஜா," என்றாள்.

அன்று மாலையே மன்னர் மில்ட்ரெட்டின் ஜன்னலுக்கு ஓடோடி வந்தார். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"மன்னித்துவிட்டாள், தாயே! இத்தனை காலத்துப் பாரம் இறங்கிவிட்டது."

"தனியாகவா கேட்டீர்கள்?"

"இல்லை. எல்லோர் முன்னிலையிலும். மறைவாகக் கேட்டால் அது கோழைத்தனம் அல்லவா?"

"காவலர்கள்?"

"வழக்கம்போல் இருபுறமும் நின்றார்கள்."

"அவள் கால்?"

"கால்..." மன்னரின் குரல் இறங்கியது. "என் பிடியில் இருந்தது."

 மில்ட்ரெட் ஜன்னலருகே வந்து சொன்னார்:

"உங்கள் ஆட்சியில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான், அரசே. இன்று அதையும் பறித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்."