ஒரு நேரத்துக்கு ஒரு வேலை

சூரக்காட்டுப்பாளையம் நாச்சிமுத்துவுக்கு இருந்த ஒரே வியாதி அவசரம். சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிடுவார். வாசலைத் தாண்டியதும் எங்கே கிளம்பினோம் என்பது மறந்துபோகும். முதல்முறை பெண் பார்க்கப் போனபோது பரபரப்பில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, வடை காபி சாப்பிட்டு, முழுச் சம்மதம் என்று சொல்லி வெற்றிலை பாக்கும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் அன்று எருமை வாங்க வரும் ஆளுக்காகக் காத்திருந்தவர். எருமை நல்ல எருமைதான், இன்றைக்கும் பால் கறக்கிறது.

அடுத்து அமைந்தவள் பாவாயி. எருமைக் கதையைக் கேட்டு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாச்சிமுத்து சொக்கிப்போனார். அவள் அப்பா கந்தப்பன் சிரிக்கவில்லை. மணவறையில் ஏதாவது கோளாறு நடந்தால், முகூர்த்தம் தப்புவதற்குள் தன் தங்கை மகனை உட்காரவைத்துத் தாலி கட்டச் சொல்லிவிடுவேன் என்று சபையிலேயே அறிவித்தார். அன்று பிடித்த நெஞ்சுப் படபடப்பு நாச்சிமுத்துவை விடவில்லை.

சித்தப்பா மகன்கள் மாரப்பனும் சென்னியப்பனும் அவரை டவுனுக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா ஒரு கையால் நாச்சிமுத்துவின் நெஞ்சில் குழாயை வைத்து, மறு கையால் வேறொருவருக்கு மருந்து எழுதி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, டீயில் சர்க்கரை இல்லை என்று ஆயாவையும் கடிந்துகொண்டிருந்தார். அதற்கு நடுவில் இவருக்கும் வைத்தியம் சொன்னார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. அவசரத்தை விடுங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. நடக்கும்போது நடங்க, சாப்பிடும்போது சாப்பிடுங்க. ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததைத் தொடுங்க."

அண்ணனுக்குச் சொன்ன வைத்தியம் தங்களுக்கும்தான் என்று தம்பிகள் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில் மாரப்பன் ஏதோ பேச வாயெடுத்தான். நடப்பது ஒரு வேலை, பேசுவது ஒரு வேலை என்று சென்னியப்பன் நினைவூட்டினான். மூவரும் நின்றார்கள், பேசினார்கள், பிறகு நடந்தார்கள். மறுபடி ஒரு சந்தேகம் வந்தது, மறுபடி நின்றார்கள்.

"மூச்சு விடறது வேலையாண்ணா?" என்றான் மாரப்பன்.

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். "கூலி உண்டா அதுக்கு?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப வேலையில்லை. விட்டுக்கிட்டே நடக்கலாம்."

அந்தத் தீர்ப்பு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த சென்னியப்பனுக்குத்தான் உயிர் திரும்பியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் முதலில் சோற்றைத் தின்றார்கள், பிறகு சாம்பாரைக் குடித்தார்கள், கடைசியாக உப்பைத் தனியே நக்கினார்கள். இத்தனை வருஷம் உப்பின் ருசியே தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று நாச்சிமுத்து உண்மையிலேயே கலங்கினார்.

கல்யாணத்தன்று காலை உறவுக்காரர்கள் எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை கவனமாக வேட்டி கட்டிக்கொண்டிருந்தார், தம்பிகள் கவனமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் தம்பிகளும் முன்னமே போய்விட்டார்கள் என்று வேனில் போனவர்கள் நினைத்துக்கொள்ள, மூவரும் பஸ்ஸுக்கு வந்து நின்றார்கள்.

பஸ் வந்தது. யாரும் அசையவில்லை.

"ஏறலாமாண்ணா?"

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்?"

"காத்திருக்கோம்."

"அப்ப காத்திரு. முடிச்சிட்டு ஏறலாம்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. காத்திருக்கும் வேலை எப்போது முடியும் என்று மாரப்பன் கேட்டதற்கு, பஸ் வந்தால் முடியும் என்றான் சென்னியப்பன். ஆனால் அது முடிந்ததா என்று பேசி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறதே என்று மூவரும் வருந்தினார்கள். நல்லவேளையாக அதற்கடுத்த பஸ் அவர்கள் முன்னால் டயர் வெடித்து நின்றது. சக்கரம் மாற்றி முடிப்பதற்குள் விவாதமும் முடிந்து, ஏறிக்கொண்டார்கள்.

மண்டபத்தில் கந்தப்பன் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தங்கை மகன் பட்டுச் சட்டையில் தயாராக இருந்தான். நாச்சிமுத்து நிதானமாக மணையில் அமர்ந்தார். பாவாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, கெட்டிமேளம் என்று விரலை ஆட்டினார். மேளம் முழங்கியது, சனங்கள் அட்சதையை ஓங்கினார்கள்.

மாரப்பன் எழுந்து கையைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினான். ஒரே நேரத்தில் மேளம், அட்சதை, தாலி என்று மூன்று வேலை நடப்பது அண்ணன் நெஞ்சுக்கு ஆகாது, ஒவ்வொன்றாக ஆகட்டும் என்றான். முதலில் மேளம் மட்டும் அடிக்கப்பட்டது. நாச்சிமுத்து கண்மூடிக் கேட்டார். பிறகு அட்சதை மட்டும் விழுந்தது. பிறகு தாலியை எடுத்தால், மேளச் சத்தம் இல்லாமல் கட்டக்கூடாது என்றார் ஐயர். மறுபடி மேளம். மறுபடி நாச்சிமுத்து தாலியை மடியில் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

கந்தப்பன் தங்கை மகனைப் பார்த்தார். அவன் மாலைக்கு வாகாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு எழுந்தான். நாச்சிமுத்து அதைக் கண்டுவிட்டார். அவசரப்பட்டாலும் பாவாயி போய்விடுவாள், அவசரப்படாவிட்டாலும் போய்விடுவாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மேளம் கேட்கும்போது அழக்கூடாதே.

பாவாயி குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தாள். "ஏனுங்க, மேளம் அவங்க வேலை. அரிசி சனங்க வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கட்டும். நீங்க கட்டுங்க."

அடடா, இது தோன்றவில்லையே. இத்தனை புத்திசாலிப் பெண் தனக்கா என்று நாச்சிமுத்து பூரித்துப்போனார். மேளக்காரர் அடித்தார், சனங்கள் அரிசி போட்டார்கள், அவர் மூன்று முடிச்சையும் அழகாகப் போட்டார். தங்கை மகன் உட்கார்ந்துவிட்டான்.

ஐயருக்கு அடுத்த ஊரில் இன்னொரு முகூர்த்தம். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வரச் சொன்னார். நாச்சிமுத்து கையைப் பிடித்தார். பிடிப்பவர் எப்படி நடப்பார்? பாவாயியின் அண்ணன்மார் அவரை மணையோடு தூக்கிச் சுற்றினார்கள், அவள் கூடவே நடந்தாள். கடைசிச் சுற்று முடிந்ததும் ஐயர் மொபெட்டில் பறந்துவிட்டார்.

பந்தியில் இலை போட்டார்கள். நாச்சிமுத்து சாப்பிடவில்லை.

"ஐயர் கையை விடச் சொன்னாரா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை என்று தம்பிகள் சாட்சி சொன்னார்கள். அப்படியானால் பிடிக்கும் வேலை முடியவில்லை. அதில் நாச்சிமுத்துவுக்குத் துளியும் வருத்தமில்லை, பாவாயியின் கை அத்தனை இதமாக இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்தக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பசிதான் வயிற்றைக் கிள்ளியது.

அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும் என்று அண்ணி சொன்ன முறைப்படியே தம்பிகள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பசித்திருந்தார். அவர் இலையில் இருந்ததைப் பாயசம்வரை மாரப்பன் சாப்பிட்டான். ஏப்பத்தைச் சென்னியப்பன் விட்டான்.